ஓசிக் குடையும் வாய்ப்பூட்டும்

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலை விற்கிற நண்பர் ஒருவர் கேட்டார்: “நம்ம பேஜை அவன் தூக்கிட்டா யார்கிட்ட போய்ச் சொல்றது? போலீஸ்லயா, கோர்ட்லயா?” பதில் தேடி நூறு வருஷம் பின்னால் போகவேண்டியிருந்தது. ரொம்பத் தூரம் இல்லை. பழைய திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ளேயே, தூத்துக்குடிக்கு.

1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடி–கொழும்பு கடல்வழி அதுவரை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. சுதேசிக் கப்பல் வந்ததும் அவர்கள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஓசிப் பயணம், கூடவே ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பார்கள். நஷ்டம் தாங்குகிற பை யாருக்குப் பெரிசோ அவருக்கே கடல். கணக்கு அவ்வளவுதான்.

வ.உ.சி. வக்கீல். வழக்குப் போட்டிருக்கலாமே? அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. சீனத் தேயிலை ஏற்றும் கப்பல் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து, சரக்குக் கூலியை இறக்கி, மொகல் கம்பெனியை வெளியே தள்ளிய வழக்கில், இதெல்லாம் போட்டியில் சேர்ந்ததுதான் என்று லண்டன் பிரபுக்கள் சபை 1891 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

அடுத்து வாய். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் நெல்லையில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நாலு பேர் சாவு. ஜூலையில் நீதிபதி பின்ஹே, ராஜத்துரோகப் பேச்சுக்கு 20 வருஷம், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 வருஷம் என்று தீட்டினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911லேயே கலைத்தாயிற்று. அதே 1911ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஷெர்மன் சட்டத்தை வைத்து ஸ்டாண்டர்ட் ஆயிலை உடைத்தது.

இப்போது நம்மிடமும் சட்டம் உண்டு. போட்டியாளரை ஒழிக்க அடக்கவிலைக்குக் கீழே விற்பதை 2002ஆம் வருஷப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தடுக்கிறது. சென்னை மேட்ரிமோனி.காம் முதலானோர் கொடுத்த புகாரில் 2018ல் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம். பேச்சுப் பக்கம், 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015ல் ரத்து செய்தது.

ஆனால் நண்பரின் கேள்வி இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 19ஆம் ஷரத்து அடிப்படையில் அரசாங்கத்தைக் கட்டுகிற ஷரத்து. போட்டி ஆணையம் சந்தையைப் பார்க்கும், பேச்சை அல்ல. அன்று கட்டணத்தை இறக்கியது கம்பெனி, வாயைப் பூட்டியது சர்க்கார். இன்று கடையையும் வாயையும் ஒரே கம்பெனி பூட்ட முடியும். 2021 ஐ.டி. விதிகள்படி அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு மேல்முறையீட்டுக் குழுவும் உண்டு. ஆனால் குழுவை அமைப்பது மத்திய அரசு. பூட்டு கம்பெனியிடம், சாவி சர்க்காரிடம் என்றால் 1908ஐ நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

வ.உ.சி. சர்க்காரிடம் சலுகை கேட்கவில்லை. இன்னொரு கப்பல் விட்டார். நண்பரிடம் நான் சொன்னதும் அதுதான்: “வாடிக்கையாளர் நம்பரை எல்லாம் உங்க நோட்டுலயும் எழுதி வைங்க அண்ணாச்சி. ஒத்தைக் கப்பலை நம்பிக் கடல்ல இறங்காதீங்க.”