யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடுப்பெரிபொருள்களும் குசினிப் புகையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமங்களில் சமையலுக்கு எரிக்கப்படும் விறகு, பனை தென்னைக் கழிவுகள், மண்ணெண்ணெய், எரிவாயு ஆகியனவும், அவற்றின் புகையால் மூச்சுறுப்புகளுக்கு விளையும் கேடும் இத்தலைப்பில் அடங்கும்.

குடாநாட்டில் பெருங்காடு இல்லை. பாலை, வீரை போன்ற வைரமான விறகு ஆனையிறவுக்குத் தெற்கே வன்னியிலிருந்து வந்து விறகுகாலைகளில் விலைப்பட்டது. காசு கொடுத்து வாங்க முடியாத வீடுகளில் வளவுக்குள் விழுந்ததே அடுப்புக்குப் போனது. அவ்வாறு விழுந்தவற்றுள் பனைக்கே முதலிடம். வில்லியம் பெர்கூசன் 1850இல் பனையைப் பற்றி எழுதிய ஆங்கில நூல், 'தாலவிலாசம்' என்னும் தமிழ்ச் செய்யுள் நூல் பனைக்கு 801 பயன்கள் கூறுவதைக் குறிப்பிடுகிறது.

பனையின் உறுப்புகள் எரியும் இயல்பால் வேறுபடுவன. காவோலை பொசுக்கென்று பற்றிச் சுடர்விட்டு உடனே அடங்கும். அடுப்பு மூட்ட மட்டுமே உதவும். பன்னாடையும் அத்தகையதே. மட்டையும் கங்குமட்டையும் நின்று எரிவதால் நெல் அவிக்கும் கிடாரத்தின் கீழ் வைக்கப்பட்டன. கிழங்கு கிண்டியபின் பனங்கொட்டையைப் பிளந்து பூரான் என்னும் உள்ளீட்டைத் தின்றால் எஞ்சுவது ஊமல். வெயிலில் காய்ந்த ஊமல் நல்ல தணல் தரும். அதன் கரியால் பல்லும் விளக்கினர். தென்னையில் சிரட்டை சூடு மிக்கது. பொச்சுமட்டை, சற்று ஈரம் இருந்தாலும், கண்ணைத் திறக்கவிடாது புகையும். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை வேலிகளை வெட்டும்போது குழை ஆட்டுக்கும் தடி அடுப்புக்கும் சென்றன. மாரிக்கு முன் இவற்றையெல்லாம் காயவைத்துச் சேர்ப்பது வீட்டுப் பெண்களின் வேலை. மழையில் நனைந்த விறகு முழுதாக எரியாது, புகை பெருகும்.

சமையலறையைக் குறிக்கும் 'குசினி' போர்த்துக்கேயச் சொல். 1619 முதல் 1658 வரை போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை ஆண்டனர். பழைய குசினி வீட்டோடு ஒட்டாமல் பின்வளவில் தனியே நின்றது. கூரை ஓலை, புகை ஓலையிடுக்கால் கசிந்து வெளியேறியது. அடுப்புக்கு மேலிருந்த பறணில் விதையும் ஒடியல் என்னும் காய்ந்த பனங்கிழங்கும் புகைபட்டுப் பூச்சி அணுகாமல் கிடந்தன. ஆகவே புகை வேண்டாத பொருளாகக் கருதப்படவில்லை. ஓடும் தகரமும் சீமெந்தும் வந்து, குசினி வீட்டுக்குள் புகுந்த பின்னர்ப் புகை வெளியேற வழியின்றி மனிதருக்குப் பெரும் பகையாயிற்று. புகைக்கூடு வைத்துக் கட்டிய வீடுகள் தப்பின; செலவுக்கு அஞ்சி அதனை விட்ட வீடுகளில் சுவர் கறுத்தது.

1990இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாகி, எண்ணெய் அடுப்புகள் மூலையில் கிடந்தன. வன்னி விறகின் வரவும் குன்றியது. காப்பரண்களுக்கெனப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. 1995 ஒக்டோபரில் போரால் நேர்ந்த பெரும் இடப்பெயர்வில் கொட்டில்களில் ஒண்டிய குடும்பங்கள் படுக்கும் இடத்திலேயே அடுப்பு மூட்டின. 

விறகுப்புகையில் காபனோரொட்சைட்டு, பென்சீன் முதலியவற்றோடு 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துகள்கள் உள்ளன. இவை நுரையீரலின் சிற்றறைகள் வரை செல்பவை. குழந்தைகளுக்கு நிமோனியாவும், நெடுங்காலம் அடுப்பருகில் நின்ற பெண்களுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இதனால் நேர்கின்றன. தொய்வு (ஆஸ்துமா) உள்ளோர்க்கு இழுப்பு கூடும். ஊரில் தொய்வுக்குப் பனியும் குளிர்தண்ணீரும் காரணம் சொல்லப்பட்டனவே அன்றி அடுப்பு சொல்லப்படவில்லை. 2020இல் வீட்டுப் புகையால் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. துகள் அளவு ஆண்டுச் சராசரியில் கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது அதன் 2021 வழிகாட்டி. விறகடுப்பு எரியும் அடைத்த குசினியில் இது பன்மடங்கு மீறப்படும்.

1980களில் இலங்கையில் பரப்பப்பட்ட 'அனகி' என்னும் இரட்டைவாய் மண்ணடுப்பு விறகை மிச்சப்படுத்துவது. 2012 குடிசனத் தொகை மதிப்பீட்டின்படி நாட்டின் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகிலேயே சமைத்தன. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 2021 ஒக்டோபரில் 1,493 ரூபாயிலிருந்து 2,675 ரூபாயாகவும், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயாகவும் ஏறியபோது பலர் விறகுக்குத் திரும்பினர். காஸ் அடுப்பு உள்ள வீடுகள் பலவற்றில் இப்போதும் தேநீர் காஸில் கொதிக்க, சோறு விறகில் வேகிறது.