வேலையை விடாமல் எம்பிஏ: ஃபீஸ் கட்டும் முன் இதை செக் பண்ணுங்க!

புரமோஷன் நேரத்தில் பலரை மடக்கும் கேள்வி, ‘எம்பிஏ முடிச்சிருக்கீங்களா?’ வேலையை விட முடியாதவர்களுக்கு என்ன வழி?

எங்கே படிக்கலாம்?
தொலைநிலைக் கல்வி அல்லது ஆன்லைன். இக்னோ பல்கலைக்கழகத்தில் எம்பிஏ-வை 2 ஆண்டில் முடிக்கலாம். முடியாவிட்டால் 4 ஆண்டு வரை அவகாசம் உண்டு. அகமதாபாத் ஐஐஎம்-மின் ஓராண்டு எம்பிஏ-வும் அனுபவசாலிகளுக்கானதுதான். ஆனால் அது முழுநேரப் படிப்பு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியாது.

மதிப்பு இருக்கா?
இருக்கு. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என யுஜிசி 2022-ல் அறிவித்தது.

எங்கே உஷார்?
‘10 நாளில் எம்பிஏ’ போன்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம் என 2024-ல் யுஜிசி எச்சரித்தது. யுஜிசி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. நீங்க சேரும் படிப்புக்கும், சேரும் கல்வியாண்டுக்கும் அனுமதி இருக்கான்னு பாருங்க. இல்லையென்றால் ஃபீஸும் போகும், இரண்டு வருஷ உழைப்பும் வீண்.

கடன் வாங்கினால்?
பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், கல்விக் கடன் வட்டிக்கு 8 ஆண்டு வரை கழிவு பெறலாம்.