துதிக்கை இழந்த 'லை'

பாட்டனாரின் பழைய கணக்கேடு ஒன்றை அண்மையில் புரட்டினோம். 'விலை' என்னும் சொல்லில், லை யானைத் துதிக்கை போன்ற சுழியோடு நின்றது; அதன்மேல் பென்சில் கோடு. சிறுவயதில் பிழையென்று கருதித் திருத்தியவர் நாமே. அவர் சினக்கவில்லை, அதன்பின் நம்மிடம் எதனையும் எழுதிக் காட்டவுமில்லை.

பிழை அவருடையதன்று. பெரியார் 1935-இல் 'குடிஅரசு' இதழில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை, 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலியன இன்றைய வடிவம் பெற்றன. அச்சுக்கோப்போர்க்கும் குழந்தைகட்கும் சுமை குறைந்தது. ஆயின் பள்ளியில் புதிய வடிவை மட்டுமே கற்றோம். பழையது ஒன்று இருந்ததென எவரும் சொல்லவில்லை.

பாட்டனார் இயல்பெனக் கொண்ட குறில், நெடில் கொம்பு வேறுபாடும் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் புகுத்திய புதுமையே என்பர். ஒரு தலைமுறையின் சீர்திருத்தம் அடுத்த தலைமுறைக்கு இலக்கணமாகிவிடுகிறது. மாற்றம் வேண்டுவதே, மாறிய வரலாற்றையும் உடன் கற்பித்தல் வேண்டும். இல்லையேல், அறியாமை பாட்டனார் கையெழுத்தைத் திருத்திக்கொண்டேயிருக்கும்.

இப்போது வகுப்பில் லையை இரு வடிவிலும் எழுதிக் காட்டுகிறோம். பாட்டனார் காண இல்லை.