திரிபுரித் தீர்மானமும் காங்கிரஸின் உட்கட்சி ஜனநாயகமும்

காங்கிரஸின் உட்கட்சி ஜனநாயகத்தைப் பற்றி எழுதுபவர் எவரும் ரஜனி கோத்தாரியைத் தவிர்க்க முடியாது. ‘காங்கிரஸ் அமைப்பு’ பற்றி 1964இல் அவர் எழுதிய கட்டுரை, கட்சிக்குள் இயங்கிய கோஷ்டிகளின் போட்டியையே அதன் உயிர்நாடியாகக் கண்டது. எதிர்க்கட்சிகளின் அழுத்தமும் அந்தக் கோஷ்டிகள் வழியாகவே பலித்தது என்றார் அவர். மாநில, மாவட்ட அளவில் இது பெரிதும் உண்மை. ஆனால் அவரை அடியொற்றிய பலர் 1969ஆம் ஆண்டுப் பிளவை எல்லைக்கல்லாக நட்டு, அதற்கு முன் ஜனநாயகம், பின் தனிநபர் தலைமை என்று பிரித்துவிட்டனர். கோத்தாரியின் வாசிப்பே அதற்கு இடம் கொடுத்தது என்பது என் கருத்து. கோஷ்டிகள் மோதிக்கொள்வது வேறு. பிரதிநிதிகளின் வாக்கு செல்லுபடியாவது வேறு. அந்த வாக்கும் பெருந்தலைவரின் விருப்பமும் எதிரெதிராக நின்றபோது எது வென்றது என்று அவர் கேட்கவில்லை.

1939இல் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. ஜனவரி 29 அன்று நடந்த தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ் 1,580 வாக்குகள் பெற்றுப் பட்டாபி சீதாராமையாவை வென்றார். (தோற்றவரின் வாக்குகள் சில நூல்களில் 1,377, சிலவற்றில் 1,375.) பட்டாபியின் தோல்வி தம்முடைய தோல்வியே என்று காந்தி அறிக்கை விட்டார். மார்ச்சில் திரிபுரி மாநாடு கோவிந்த வல்லப பந்தின் தீர்மானத்தை நிறைவேற்றியது.

அதன் இறுதிப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். நெருக்கடியான காலத்தில் காந்தி ஒருவரே வழிநடத்த வல்லவர். காரியக் கமிட்டி அவருடைய முழு நம்பிக்கைக்கு உரியதாக இருக்க வேண்டும். ஆகவே தலைவர் காந்தியின் விருப்பப்படி அதை நியமிக்க வேண்டும் என்கிறது தீர்மானம். கமிட்டியை நியமிப்பது தலைவரின் உரிமை. காந்தியோ 1934லேயே கட்சியின் உறுப்பினர் பதவியை விட்டவர். உறுப்பினரே அல்லாத ஒருவரின் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் உரிமை கட்டுப்பட்டது. போஸ் விலக வேண்டும் என்றோ தேர்தல் செல்லாது என்றோ தீர்மானம் சொல்லவில்லை. வாக்கைத் தொடாமல் அதன் பயனை மட்டும் பறித்தது. அந்த விருப்பம் தெரிவிக்கப்படாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அதில் விடை இல்லை.

நடந்ததும் அதுதான். தீர்மானம் தமக்குப் பிடிக்கவில்லை என்றும், கமிட்டியைப் போஸே அமைத்துக்கொள்ளலாம் என்றும் காந்தி அவருக்கு எழுதினார். தீர்மானம் உருவானபோது காந்தி ராஜ்கோட்டில் இருந்தார். முன்பே அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதில் சான்றுகள் ஒத்துப்போகவில்லை. தெரிந்திருந்தது என்றே கொண்டாலும் என் வாதம் தளராது. அவர் ஒதுங்கிய பின்னும் தீர்மானம் உயிரோடிருந்தது; ஏப்ரல் 29 அன்று போஸ் பதவி விலகினார். ஆகஸ்டில், மூன்றாண்டுகளுக்குக் கட்சியில் தேர்தல் பதவி எதையும் வகிக்கக்கூடாதென அவருக்குத் தடையும் வந்தது. இங்கே பெருந்தலைவரின் அதிகாரத்தைச் சமைத்தவர்கள் அவருக்கு அடுத்த வரிசையில் இருந்தவர்கள். திரிபுரியில் தீர்மானத்துக்காக வலுவாக வாதாடியவர்களில் ராஜாஜியும் ஒருவர்.

பெருந்தலைவரின் விருப்பம் வாக்கை வெல்லும் இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று என்னால் அறுதியிட இயலவில்லை. 1929இல் தலைவர் பதவிக்குப் பத்து மாகாணக் கமிட்டிகள் காந்தியையும் ஐந்து படேலையும் மூன்று மட்டுமே ஜவஹர்லாலையும் முன்மொழிந்தன. காந்தி விலகிக்கொண்டு ஜவஹர்லாலைப் பரிந்துரைக்க, அவரே தலைவரானார். அதைத் தொடக்கமாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே கவிழ்க்கப்பட்ட தேர்தல் எதுவும் இல்லை. 1951 இன்னும் தெளிவானது. முந்திய ஆண்டு தேர்தலில் வென்ற புருஷோத்தம் தாஸ் டாண்டன், காரியக் கமிட்டியிலிருந்து நேரு விலகியதும் தலைவர் பதவியைத் துறந்தார். நேருவே அப்பதவியை ஏற்றார். 1939இல் பெருந்தலைவருக்காக மற்றவர்கள் செய்ததை இம்முறை பெருந்தலைவரே செய்தார். இந்திரா காந்தி புதிதாக எதையும் தொடங்கவில்லை. 1972க்குப் பின் தேர்தலையே நிறுத்தி, மோதலுக்கான வாய்ப்பை அகற்றினார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1992இல் திருப்பதியில் காரியக் கமிட்டிக்குத் தேர்தல் நடந்தது. பெண்களும் பட்டியல் சமூகத்தவரும் தேர்வாகவில்லை என்று காரணம் சொல்லி, வென்றவர்கள் விலகவைக்கப்பட்டனர். கமிட்டியைக் கட்சித் தலைவர் நரசிம்ம ராவ் மாற்றி அமைத்தார்.