குருத்தெலும்பு: ஒரு பெயரின் வரலாறு

காரியவட்டத்தில் எங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்கு அருகிலேயே லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி உள்ளது. அண்மையில் தேநீர்க் கடையில் சந்தித்த பதினைந்து வயது ஓட்டக்காரர் ஒருவர், தம் முழங்கால் வலிக்குக் காரணம் 'தருணாஸ்தி' என்றார். 'தருணம்' என்றால் இளமை, 'அஸ்தி' எலும்பு. தமிழின் 'குருத்தெலும்பு' என்பதும் அதே கருத்துடையது. இரு மொழிகளும் இதனை இளைய எலும்பாகவே கண்டுள்ளன.

சுசுருத சம்ஹிதை எலும்புகளை ஐவகைப்படுத்துகிறது. அவற்றுள் தருணம் மூக்கு, காது, கழுத்து, கண்குழி ஆகியவற்றுக்கு உரியது. அடிபட்டால் முறியாது, வளையும். முழங்கால் அப்பட்டியலில் இல்லை. மூட்டினுள் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான படலத்துக்கும் இப்பெயர் இன்று வழங்குகிறது.

ஆனால் குருத்து மீண்டும் துளிர்க்கும், இப்படலம் துளிர்ப்பதில்லை. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. சிதைந்த மூட்டுக் குருத்தெலும்பு மீள்வதில்லை என்று 1743இலேயே லண்டனில் வில்லியம் ஹண்டர் எழுதினார்.

1887இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரான்ஸ் கோனிக், இளைஞர் மூட்டுகளில் எலும்புத் துண்டொன்று குருத்தெலும்போடு பெயர்ந்து வரும் நோய்க்கு 'ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிஸ்ஸெகன்ஸ்' என்று பெயரிட்டார். 'ஐட்டிஸ்' என்ற விகுதி அழற்சியைக் குறிக்கும். பின்னர் ஆராய்ந்தவர்கள் அங்கே அழற்சியைக் காணவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமும் அடியெலும்பின் இரத்த ஓட்டக் குறைவும் இன்று காரணங்களாகக் கருதப்படுகின்றன.

இந்நோயில் மட்டும் 'தருணம்' என்ற அடைமொழி ஓரளவு மெய்யாகிறது. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடாத வயதில், துண்டு தளராதிருந்தால், சில மாதங்கள் ஓட்டத்தையும் குதித்தலையும் நிறுத்துவதாலேயே பெரும்பாலும் அது ஒட்டிக்கொள்கிறது. எனவே காலத்தே கண்டறிதலே முதன்மையானது. முழங்காலை மடக்கி எடுக்கும் எக்ஸ்ரே, நேராக எடுத்த படத்தில் மறையும் புண்ணையும் காட்டும். துண்டு உறுதியாக இருக்கிறதா என்பதை எம்ஆர்ஐ கூறும்.

தளர்ந்துவிட்டால் அறுவை வேண்டும். 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையை நோக்கும் குழலால் ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் பார்த்தார். அவ்வழியில் வளர்ந்த நுண்துளை முறையில் இன்று துண்டைப் பொருத்துகின்றனர். இழந்த படலத்துக்கு மாற்றாக, நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு உயிரணுக்களை வளர்த்துப் பதிக்கும் முறையை ஸ்வீடனின் கோதன்பர்க் குழு 1994இல் வெளியிட்டது. ஆயினும் இயற்கைப் படலத்துக்கு நிகரானதை எம்முறையும் உறுதியாகத் தருவதில்லை.

அந்த ஓட்டக்காரர் வலியோடு ஒரு பருவம் முழுவதும் ஓடியிருக்கிறார். வளரும் வயதில் வலி இயல்பு என்றே சுற்றியிருந்தோர் கருதினராம். வாரக்கணக்கில் நீடிக்கும் வலியும், வீக்கமும், மூட்டு பூட்டிக்கொள்வதும் வளர்ச்சியின் அடையாளங்கள் அல்ல. இளமை தரும் அவகாசம் வளர்ச்சித் தட்டுகள் மூடும்வரைதான்.