உத்தரவாத வட்டியில் ஓடிய கால்வாய்

அணையையும் பாசனக் கால்வாயையும் அரசும் தனியாரும் கூட்டாக அமைப்பது புதிய யோசனையெனப் பலர் எண்ணுகின்றனர். சென்னை மாகாணம் அதை 1858லேயே சோதித்துப் பார்த்துவிட்டது. சர் ஆர்தர் காட்டனின் ஊக்கத்தால் லண்டனில் உருவான மதராஸ் பாசனக் கால்வாய்க் கம்பெனி, பத்து லட்சம் பவுன் மூலதனத்துக்கு ஆண்டுதோறும் 5 விழுக்காடு வட்டி கிடைக்க அரசின் உத்தரவாதம் பெற்றது. துங்கபத்திரையின் குறுக்கே சுங்கேசுலாவில் அணைக்கட்டு எழுந்தது. கர்நூலிலிருந்து கடப்பை வரை ஏறத்தாழ 190 மைல் கால்வாய் வெட்டப்பட்டது.

நீர் வந்தால் வாங்குவோர் தாமே வருவர் என்று நம்பியதே மதிப்பீட்டின் பெரும்பிழை என்பது நம் கருத்து. கரிசல் நிலத்தில் மானாவாரியாகச் சோளமும் பருத்தியும் விளைவித்த குடியானவர்கள் தண்ணீர்த் தீர்வை செலுத்த எளிதில் முன்வரவில்லை. செலவோ எல்லை மீறியது. அரசே மேலும் கடன் கொடுக்க நேர்ந்தது.

முளாரபா கூட்டில் பொருள் நட்டம் முதலிட்டவரையே சாரும் என்பது ஃபிக்ஹு நூல்களின் விதி. லண்டன் பங்குதாரர்களுக்கோ வட்டி தவறாமல் வந்தது. நட்டம் இந்நாட்டு வரிப்பணத்தின் மேல் விழுந்தது. சிக்கனம் அவர்களுக்கு எதற்கு?

1882இல் அரசு கால்வாயை விலைகொடுத்து வாங்கியது. கே.சி. கால்வாய் என்னும் பெயரில் அது இன்றும் பாசனத்துக்குப் பயன்படுகிறது.