சிவப்புப் புள்ளியிலிருந்து நிற எழுத்துரு வரை

மத்ரஸா மலரொன்றின் அட்டைக்கு அரபுத் தலைப்பை இரு நிறத்தில் அமைத்தேன். கீழே நிழல், மேலே எழுத்து. கீழடுக்கில் லாமும் அலிஃபும் இணைந்து நின்றன. மேலடுக்கில் அந்த இணைப்பு வசதியை நான் இயக்கவில்லை. இரண்டும் பிரிந்து கிடந்தன. "என்ன நானா, எழுத்து ஒரு பக்கம் போகுது, நிழல் ஒரு பக்கம் போகுது?" என்று அச்சகத் தம்பி சிரித்தார்.

இவ்வகை அலங்காரத்துக்குப் பேர்போனது, அமெரிக்காவின் வில்லியம் எச். பேஜ் 1874இல் வெளியிட்ட பலவண்ண மரவெழுத்து மாதிரி நூல். ஓரெழுத்தை இரண்டு மூன்று அச்சுகளாக வெட்டி, நிறத்துக்கொன்றாக மேலுக்கு மேல் அடித்தார்கள். இலத்தீனில் அச்சு விலகாவிட்டால் போதும். அரபெழுத்தோ அயலெழுத்தைப் பார்த்து உருமாறும். அடுக்குகள் அனைத்தும் சேர்ந்தே மாற வேண்டும்.

ஆனால், நிற அடுக்கு நமக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 69இல் மரணித்த அபுல் அஸ்வத் அத்துஅலீ, முஸ்ஹஃபின் மைக்கு வேறான நிறத்தில் புள்ளியிடச் செய்தார் என்பது பிரபலமான அறிவிப்பு. மேலே இட்டால் ஃபத்ஹ், கீழே இட்டால் கஸ்ர், பக்கத்தில் இட்டால் ளம்ம். பின்னர் கலீல் இப்னு அஹ்மத் புள்ளிகளுக்குப் பதிலாகச் சிறு குறிகளை வகுத்தார். ஒரே மையிலும் எழுத முடிந்தது. ஆயினும் அந்தலூஸியாவின் இமாம் அத்தானீ (மறைவு 1053), ஹரகத்துக்குச் சிவப்பு, ஹம்ஸாவுக்கு மஞ்சள் என்ற மதீனாவாசிகளின் வழக்கைப் பதிந்து வைத்தார். இதன் நோக்கம் வெறும் அழகல்ல. மூல எழுத்து எது, ஓதுபவருக்காகப் பின்னர் சேர்த்த துணை எது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஒரே கறுப்பில் அச்சடித்தபோது அந்த வேறுபாடு மறைந்தது. காலித் ஹொஸ்னியின் 'அமீரி குர்ஆன்' நிற எழுத்துரு அதை மீட்டுத் தந்திருக்கிறது. அதில் அயலெழுத்துக்கேற்ற உருவம் முதலில் தீர்மானமாகும். அதன்மேல் குறிகள் தத்தம் இடத்தில், தத்தம் நிறத்தில் அமரும். தனித்தனிப் படிகளை அடுக்கும் வேலையே இல்லை.

நம் அரபுத்தமிழ்க் கிதாபுகளை மீளப் பதிப்பிப்போர் இதைக் கவனிக்க வேண்டும். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக முன்னோர் கூடுதலாக இட்ட புள்ளி எழுத்தின் உடம்பு. ஹரகத்து அதன் மேலுள்ள அடுக்கு. அழகுக்கென்று இரண்டையும் சிவப்பாக்கினால், வாசிக்கத் தெரிந்தவரும் தடுமாறுவார். நான் நிழலை எடுத்துவிட்டேன். அட்டையில் இப்போது எழுத்து கறுப்பு, ஹரகத்து சிவப்பு.